கவுன்சிலர் அறைக்குப் போகிற வழியிலேயே பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

ஏலமலை டீச்சர் (கேள்வி)

வணக்கம். கேரளத்து இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டிலிருந்து ரொம்ப தூரமில்லாத ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சொந்த ஊர் கம்பம் பக்கம்தான். என் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏலத்தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள், மீதிப் பேர் பஜாரைச் சுற்றி வாடகை வீட்டில். எல்லார் வீட்டிலும் எல்லாரையும் தெரியும். காலையில் ஜீப்பில் வேலைக்கு மேலே ஏறுகிற பெண்களும் சாயங்காலம் கீழே இறங்கும்போது இங்கத்துச் செய்தியைக் கம்பம், கூடலூர் வரைக்கும் கொண்டுபோய்விடுவார்கள். ஊர்ப்பேச்சுக்குச் செக்போஸ்ட் கிடையாது.

எங்கள் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு கவுன்சிலர் வருகிறார். நல்ல பெண், வேலையை மனசு வைத்துச் செய்பவர், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மலையாளி. எங்கள் பிள்ளைகளுக்கும் மலையாளம் வரும், மலையாளத்தில் கடைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள், சினிமா பார்ப்பார்கள். அழுவது மட்டும் தமிழில்தான். போன வருஷம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை நானே கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் அப்பா குடித்துவிட்டுச் செய்கிற ரகளையில் பையன் இரண்டு வாரமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை. கவுன்சிலர் அன்பாகத்தான் கேட்டார், "மோனு எந்தாணு விஷமம்?" என்று. பையன் உடனே எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஒரு விஷமமும் பண்ணல டீச்சர்" என்றான். அவர் கேட்டது உனக்கு என்ன வருத்தம் என்று. இவன் காதில் விழுந்தது நீ என்ன சேட்டை செய்தாய் என்று. அப்போது சிரிப்பு வந்தது, ராத்திரி படுக்கும்போது சிரிப்பு வரவில்லை.

மொழியை விடுங்கள், அதையாவது சரி செய்யலாம். அந்த அறை இருக்கிற இடம்தான் பெரிய பிரச்சினை. ஸ்டாஃப் ரூமுக்கும் சத்துணவுச் சமையலறைக்கும் நடுவில், தட்டுக் கழுவுகிற குழாய்க்கு நேர் எதிரே. மதியம் பள்ளிக்கூடமே தட்டோடு அங்கேதான் நிற்கும். யார் உள்ளே போனாலும் குழாயடியில் ஒரே வார்த்தை, "வட்டு". மலையாளத்தில் கிறுக்கு என்பதற்குப் பேச்சுவழக்கு. அந்தப் பட்டம் பிள்ளை வீடு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விடும்.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். ஓணம் லீவு முடிந்து வந்ததிலிருந்து ஆள் மாறிவிட்டாள். மதியச் சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள், கையெழுத்துக்கூடச் சிறுத்துவிட்டது. பாட்டி கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டியிருக்கிறார். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், அந்த ரிஜிஸ்டர்ல மட்டும் இவ பேரை எழுதிடாதீங்க. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கையில இது நிக்கும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, கவுன்சிலர் இருக்கிறார், அறை இருக்கிறது, போர்டு இருக்கிறது, சுற்றியிருக்கிற ஊர்தான் பிள்ளையை வழியிலேயே நிறுத்துகிறது. இந்த மாதிரி இடங்களில் இருப்பவர்கள், இருந்தவர்கள், எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று சொன்னால் உபகாரமாக இருக்கும். புத்தகத்தில் இருக்கிற பதில் வேண்டாம், அது என்னிடமும் இருக்கிறது.


லயத்துக்காரன் (பதில்)

டீச்சர், நான் பீர்மேடு தாலுகாவில் டீ எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது எர்ணாகுளத்தில் வேலை. லயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாக வீடுகள். எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே தகரம் பொதுவாக ஓடும். மூன்றாவது வீட்டில் இருமினால் நமக்குத் தூக்கம் போய்விடும். அங்கே ஒரு பிள்ளை தனியாக அழ இடமே கிடையாது. நான் அழுவதற்கு ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்குப் போவேன், அங்கேயும் ஏற்கெனவே எவனாவது உட்கார்ந்திருப்பான்.

ஆனால் அதே லயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2000-க்கு அப்புறம் எங்கள் பக்கம் எஸ்டேட்டுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தபோது அப்பா ஒன்றரை வருஷம் சம்பளமில்லாமல் இருந்தார். அவர் பேச்சு குறைந்துகொண்டே போனது. அப்போது பக்கத்து வீட்டுப் பெரியப்பா (சொந்தம் இல்லை, லயத்தில் எல்லாரும் பெரியப்பாதான்) தினமும் சாயங்காலம் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். அவர் வீட்டிலும் ரேடியோ இருந்தது. ஏன் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பெட்டிமுடி நினைவிருக்கும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலை பக்கம் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள், தமிழ்க் குடும்பங்கள், அதில் எத்தனையோ பள்ளிக்கூடப் பிள்ளைகள். நாங்கள் இருந்தது வேறு மலை, ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் லயத்தில் ஒரு குழந்தைகூட மழைச் சத்தத்தில் தூங்கவில்லை. என் அக்கா மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு, பையில் சட்டையும் ரேஷன் கார்டும் எடுத்து வைத்துக்கொண்டு செருப்போடுதான் படுப்பான். கொரோனா சமயம், பள்ளிக்கூடமே கிடையாது. யாரும் யாரையும் கவுன்சிலிங்குக்கு அனுப்பவில்லை. பெரியவர்கள் முறை வைத்து விழித்திருந்தார்கள், இன்று இந்த வீடு நாளைக்கு அந்த வீடு. "நாங்க முழிச்சிருக்கோம், நீ தூங்கு." அவ்வளவுதான் சொன்னது. பையன் நாலாவது நாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

அதனால் ஊரை எதிரியாக வைத்து யோசிக்காதீர்கள் டீச்சர். ஊருக்குத் துணை நிற்கத் தெரியும், ரகசியம் காக்கத்தான் தெரியாது. துணை தேவைப்படுகிற விஷயத்தை ஊரிடம் விடுங்கள், ரகசியம் தேவைப்படுகிற விஷயத்தை ஊர்க் கண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் வேலையாக அந்த அறையைக் குழாயடியிலிருந்து மாற்றுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு மாஷ் (வாத்தியார்) இருந்தார், அவர் கையில்தான் லைப்ரரி சாவி. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் "வாடா, புத்தகம் அடுக்கணும்" என்று கூப்பிடுவார். நான் அங்கே அடுக்கிய புத்தகங்களை வைத்து ஒரு கடையே போடலாம்.


பழைய வாத்தியார் (பதில்)

எங்கள் காலத்தில் இந்தக் கவுன்சிலர் எல்லாம் ஏது? நாலு அடி வாங்கினோம், ஆற்றில் குளித்தோம், எல்லாம் சரியாகிப் போனது. இப்போது மொபைலைப் பிடுங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பிள்ளைகளுக்கு நாமே வியாதிப் பேர் சொல்லிக் கொடுக்கிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


ஏலமலை டீச்சர்

தப்பாக எடுக்கவில்லை ஐயா. ஆனால் உங்கள் காலத்தில் சரியாகாமல் போனவர்கள் இங்கே வந்து பதில் எழுத மாட்டார்கள், அதையும் கொஞ்சம் யோசியுங்கள். என் கூடப் படித்தவர்களிலேயே இரண்டு பேர் இல்லை.


கூடலூர் அம்மா (பதில்)

நான் தேனி கூடலூர், நீலகிரி கூடலூர் இல்லை. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மேலே போகிறவள். போனில் பேசி எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் எழுதியதில் ஜீப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. நான் மூன்றரைக்கு எழுந்து சோறாக்கி, மூன்று டப்பாவில் போட்டு மூடி, ஐந்தரைக்கெல்லாம் ஜீப்பில் இருக்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குக் கூலி இல்லை. திரும்பி வந்து இறங்கும்போது ஆறு ஆறரை. காய் எடுக்கிற மாதங்களில் இன்னும் இருட்டிவிடும். என் பையன் எழுந்திருப்பதையும் நான் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வருவதையும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தைப் பார்த்தால் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்திருக்கிறான். பிள்ளை மாறிப்போனது அம்மாவுக்குத் தெரியவில்லையா என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? டீச்சர் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜீப்பில் பதினைந்து பேர் நெருக்கி உட்காருவோம். அங்கே பேசியது அடுத்த வாரம் உண்மையாகிவிடும், அது சரிதான். என் பையன் எட்டாவதில் ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்தபோது நான் ஜீப்பில் மூச்சே விடவில்லை. வீட்டுக்காரர் திருப்பூரில், மாமியார் குலசாமிக்கு முடிந்து வைத்தார், வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பதாக நானும் வேண்டிக்கொண்டேன். எடுத்தேன். எனக்கு மனசு லேசானது உண்மை, பையனுக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஜீப்பில் வருகிற ஒரு அக்கா, யாரும் கேட்காமலே, மெட்டு ஏறும்போது சொன்னார்கள். என் மகளுக்கு மனசுக்கு மாத்திரை கொடுத்தார்கள், க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரியில், ஒன்பது மாசம் சாப்பிட்டாள், இப்போது காலேஜ் போகிறாள் என்று. சக்கரை மாத்திரை பற்றிச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்கள். ஜீப்பே கப்சிப். அன்றைக்குச் சாயங்காலம் இறங்கினதும் நான் அவர்கள் பின்னாலேயே போனேன். எனக்கு முன்னால் இன்னொருத்தி போய் நிற்கிறாள்! மறுநாள் மூன்றாவது ஆள். இத்தனை பேரும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறோம்.

போனோம். ஒரு நாள் கூலி போனது, பஸ் செலவு, மதியம் வரைக்கும் வரிசை. டாக்டர் நன்றாகப் பேசினார். மாத்திரைகூடக் கொடுக்கவில்லை, ஆறேழு தடவை வரச் சொன்னார்கள், நாலு தடவை போனோம். அந்த ஆறேழு தடவைக்கு ஆறேழு கூலி போகும் என்பதை யாராவது கணக்கில் எடுத்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், பாதி ஜீப் வரும்.


க.விலக்கு பஸ் (பதில்)

தேனி மாவட்டத்தில் மனநலப் பணியில் கொஞ்ச வருஷம் இருந்தவன். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். கூடலூர் அம்மா சொன்ன கூலிக் கணக்கு நூற்றுக்கு நூறு நிஜம், பாதியில் நின்றுபோகிறவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கை இல்லாமல் நிற்பதில்லை, பஸ் காசு இல்லாமல்தான்.

பழைய வாத்தியார் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் நடந்தது, தமிழ்நாடும் கேரளமும் இரண்டுமே அதில் உண்டு. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்குப் பிரச்சினை என்று வந்தது. அதாவது நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். இந்தக் கணக்கு மொபைல் இன்றுபோல் கைக்குக் கை வருவதற்கு முந்தையது.

டீச்சர், நீங்கள் சொன்ன பெண் விஷயத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். சாப்பாடு, தூக்கம், பேச்சு இந்த மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் மாறிக் கிடந்தால் காத்திருக்க வேண்டாம். "வாழவே பிடிக்கலைன்னு தோணுதா, செத்துடலாம்னு நினைச்சியா" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பயப்படுவார்கள், அப்படி ஆவதில்லை; கேட்டதற்கு அப்புறம் பிள்ளைகள் பெரும்பாலும் மூச்சு விடுகிற மாதிரிதான் பேசுவார்கள். ஆமாம் என்றால் அன்றைக்குத் தனியாக விடக்கூடாது, வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றே வெளியே போக வேண்டும். நம் ஊர்களில் மருந்து டப்பா சமையல்கட்டுப் பரணில் இருக்கிறது, யாரும் யோசிப்பதே இல்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் தற்கொலைத் தடுப்பு வேலை செய்கிற சினேகா அமைப்பு இரண்டு கிராமங்களில் ஒரு வேலை செய்தது, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பாங்க் லாக்கர் மாதிரி பெட்டி வைத்துப் பூட்டினார்கள். சுற்றுப்புறம் என்கிறோமே, அது இந்த மாதிரி ஒரு பூட்டாகவும் இருக்கும்.

பேர் எழுதுவது பற்றி அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று எழுதியே இருக்கிறது. ஆனால் முழு ரகசியம் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் தொந்தரவு என்றாலோ (போக்சோ, 2012) சொல்லியே தீர வேண்டும், இரண்டாவது சட்டமே. "இந்த ரெண்டைத் தவிர வேறெதுவும் இந்த அறையை விட்டுப் போகாது" என்று முதலிலேயே சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. நாம் மழுப்பினால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

கோடாங்கியோடு சண்டை வேண்டாம். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் வெந்து போனார்கள், அதற்கு அப்புறமும் அந்த வழியே போகாதே என்று ஊரிடம் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. அடி, பட்டினி, கட்டிப்போடுதல் இந்த மூன்றும் இருந்தால் உடனே தடுக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். வெறும் கயிறு என்றால் கயிறு கையிலேயே இருக்கட்டும். நான் பாட்டிகளிடம் சொல்வது, "ஆத்தா, சாமி பார்க்கிறதைச் சாமி பார்க்கட்டும், டாக்டர் பார்க்கிறதை டாக்டர் பார்க்கட்டும்." அதற்கு மறுத்துப் பேசிய பாட்டியை இதுவரை நான் பார்த்ததில்லை.

மொழிக்கு: 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, இருபது மொழிகளில் தமிழும் ஒன்று. கேரளத்தில் திஷா என்ற சுகாதார உதவி எண் 1056-உம் இருக்கிறது. போன் வசதி என்னவென்றால் குழாயடியில் யாரும் பார்க்க மாட்டார்கள். சங்கடம், லயத்தில் போன் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். பள்ளியிலேயே ஒரு போனும் ஒரு கதவும் கொடுத்தால் நல்லது.

இன்னொன்று, தயவுசெய்து நீங்களே மொழிபெயர்ப்பாளராக உட்காராதீர்கள். நீங்கள் அந்த ஊர்க்காரர். நாளைக்கு அந்தப் பெண் கணக்கில் தப்புச் செய்யும்போது நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு எதிரே நிற்பீர்கள். அது அவளுக்குக் கஷ்டம்.


கொழிஞ்சாம்பாறை (பதில்)

பாலக்காடு பக்கத்திலிருந்து ஒரு சின்ன விஷயம். எங்கள் ஊர் முக்கில் மே மாதம் ஆனால் ஃபிளெக்ஸ் கட்டிவிடுவார்கள், ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகள் படத்தோடு. கட்சி ஒன்று கட்டும், கிளப் ஒன்று கட்டும், டியூஷன் சென்டர் ஒன்று கட்டும், ஒரே பிள்ளை மூன்று ஃபிளெக்ஸில் சிரிக்கும். என் தங்கை மகளுக்கு இரண்டு பாடத்தில் ஏ மட்டும். பால் வாங்கப் போகிறவள் முக்கு வழியாகப் போகாமல் வாய்க்கால் வரப்பு வழியாகச் சுற்றிப் போனாள், ஜூன் மழையில் அந்த ஃபிளெக்ஸ் கிழிகிற வரைக்கும். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, சத்தியமாக.

கேரளத்தில் 2005-லேயே எஸ்எஸ்எல்சிக்கு மார்க்கை எடுத்துவிட்டுக் கிரேடு கொண்டுவந்தார்கள், தமிழ்நாட்டில் 2017-இல் ரேங்க் பட்டியல் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அரசாங்கம் நிறுத்தியதை எல்லாம் ஊர் ஃபிளெக்ஸில் திரும்பக் கட்டிவிட்டது. எல்லைப் பிள்ளைகளுக்கு இதில் இரட்டை அடி, இங்கே ஏ பிளஸ்ஸையும் பார்க்க வேண்டும், பொள்ளாச்சியில் இருக்கிற சித்தப்பா பையனின் மார்க்கையும் கேட்க வேண்டும். எங்கள் வார்டு அயல்கூட்டத்தில் குடும்பஸ்ரீ (மகளிர் சுய உதவிக் குழு) பெண்கள் சேர்ந்து போன வருஷம் ஒன்று செய்தார்கள்: ஃபிளெக்ஸ் கட்டினால் பாஸான எல்லார் படமும் போடு, இல்லையென்றால் கட்டாதே என்று கிளப்புக்குப் போய்ச் சொன்னார்கள். கிளப்காரர்கள் படத்துக்குச் செலவு ஜாஸ்தி என்று கட்டாமலே விட்டுவிட்டார்கள். எப்படியோ.


லயத்துக்காரன்

கொழிஞ்சாம்பாறை, சிரித்துவிட்டேன். செலவைச் சொன்னால்தான் நம்மாட்கள் திருந்துவார்கள்.


ஏலமலை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், அரைப் பரீட்சை வேலை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அறையை மாற்ற ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன், இடமில்லை என்றார், உண்மையிலேயே இடமில்லைதான். அப்புறம் லயத்துக்காரன் தம்பி சொன்னதை வைத்து, கவுன்சிலரிடம் பேசி, அவர் வருகிற இரண்டு நாளும் லைப்ரரியிலேயே உட்காருவது என்று ஆனது. பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, புத்தகம் எடுக்கவும் வரலாம். முதல் வாரம் ஒருவரும் பேச வரவில்லை, ஆனால் புத்தகம் எடுத்தவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது. இரண்டாம் வாரம் நாலு பேர். அதில் மூன்று பேர் மலையாளம் மீடியம் பிள்ளைகள் என்பதையும் சொல்ல வேண்டும், குழாயடிப் பயம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது, நான்தான் நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மொழிபெயர்க்க உட்கார வேண்டாம் என்று சொன்னது எனக்கு முதலில் கோபமாக வந்தது, ஒரு நாள் கழித்து சரியென்று பட்டது. அதனால் கவுன்சிலரே என்னிடம் தமிழ் கற்றுக்கொள்கிறார். நோட்டுப் போட்டு எழுதுகிறார். வருத்தம், பயம், எரிச்சல், வெறுப்பு. "மனசு" இரண்டு மொழிக்கும் ஒன்றுதான் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "விஷமம்" என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து வைத்திருக்கிறார். "சுணக்கம்" என்பதை நான் சொன்னபோது எழுதவில்லை, ஒரு பிள்ளை சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் நேராகக் கேட்டேன். கை நடுங்கியது, எனக்குத்தான். செத்துப்போகிற எண்ணம் இல்லை என்றாள். வேறொன்று இருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. அம்மாவிடம் ரிஜிஸ்டர் பற்றிச் சொன்னேன், பாட்டியிடம் சாமியும் டாக்டரும் பற்றிச் சொன்னேன், பாட்டி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "டாக்டர் ஆம்பளையா பொம்பளையா" என்று கேட்டார். பொம்பளை என்றேன். சரி என்றார். போன திங்கட்கிழமை ஒரு முறை போய் வந்திருக்கிறார்கள். கயிறு கையில் இருக்கிறது. மதியம் பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறாள், மீதியைத் தோழிக்குக் கொடுக்கிறாள்.

கூடலூர் அக்கா, ஜீப்பைப் பற்றி நான் எழுதிய வரி உங்களுக்குச் சுருக்கென்று இருந்தது என்றீர்களே, அது என் தப்பு. உங்கள் ஜீப் குமுளி வழியாகவா, கம்பம்மெட்டு வழியாகவா? ஒரு சனிக்கிழமை நானும் ஏறிக்கொள்ளலாமா? பாடம் நடத்த மாட்டேன், சும்மா உட்கார்ந்து வருகிறேன்.


கூடலூர் அம்மா

கம்பம்மெட்டு வழிதான் டீச்சர். முன் சீட்டு டிரைவர் சொந்தக்காரிக்கு, பின்னால்தான் உட்கார வேண்டும். வாந்தி வரும் என்றால் வெறும் வயிற்றோடு வாங்க. ஐந்து இருபதுக்கு நில்லுங்கள், ஐந்தரை என்று நம்பி வராதீர்கள்.